கைபேசியில் வந்த மருந்துச் சீட்டு: செல்லூர் மருந்தாளுநரின் பதில்கள்

கொரோனா காலத்தில் பரவிய மருந்து வதந்திகளை ஒரு மருந்துக் கடை எப்படி எதிர்கொண்டது என்று மதுரைப் பகுதி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, செல்லூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடை நடத்தும் மருந்தாளுநர் ஒருவர் அளித்த பதில்கள்.

2021 கோடையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘கொரோனா மாத்திரைப் பட்டியல்’ ஒன்று வந்தது. அது உங்கள் கடைக்கும் வந்ததா? (மேலூர்)

வராத நாளே இல்லை. கடை முகப்பில் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் நின்றபடி கைபேசியை நீட்டி, “அண்ணே, இதுல இருக்கறத அப்படியே அஞ்சு நாளைக்குக் குடுங்க” என்பார்கள். பல கைகள் மாறி வந்ததில் படத்தின் எழுத்து மங்கியிருக்கும். யாரோ ஒரு மருத்துவரின் பெயர் இருக்கும், நோயாளியின் பெயரோ வயதோ இராது. அசித்ரோமைசின், ஐவர்மெக்டின், துத்தநாகம், வைட்டமின் சி, கடைசி வரியில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு.

அந்தப் பட்டியல் முழுப் பொய்யாக இருந்திருந்தால் என் வேலை எளிதாக இருந்திருக்கும். ஐவர்மெக்டின் அந்த ஏப்ரலில் மத்திய அரசின் சிகிச்சை வழிகாட்டுதலிலேயே இருந்தது, செப்டம்பரில்தான் நீக்கினார்கள். டெக்சாமெத்தசோன் உண்மையிலேயே உயிர் காத்த மருந்து. 2020 ஜூனில் வெளியான ஆக்ஸ்போர்டு ஆய்வின்படி, நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் 10 நாள் கொடுத்ததில், செயற்கை சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. வாட்ஸ்அப்பில் பயணம் செய்தது முதல் பாதி மட்டும்தான்.

ஒருவர் தம் தாயாருக்காக அந்தப் பட்டியலோடு வந்தார். அம்மா வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டபோது, சட்டைப் பையிலிருந்து மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் அட்டையை எடுத்துக் காட்டினார். ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 97 காட்டுகிறது என்றார். சர்க்கரை நோயாளிக்குத் தேவையில்லாமல் ஸ்டீராய்டு போனால் சர்க்கரை தாறுமாறாக ஏறும். அப்படிச் சர்க்கரை ஏறியவர்களை அதிகம் தாக்கிய கரும்பூஞ்சை நோயால் கண்ணை இழந்தவர்களைப் பற்றி அந்த மே மாதம் எல்லோரும் கேள்விப்பட்டுக்கொண்டிருந்தோம். அந்த மருந்தைத் தர மறுத்து, பாராசிட்டமால் மட்டும் கொடுத்து, அளவு 94-க்குக் கீழே இறங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று மாத்திரை உறையின் மேலேயே எழுதித் தந்தேன்.

பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் கொரோனா சுலபமாகத் தொற்றும் என்று சொன்னார்களே? (திருமங்கலம்)

வைரஸ் உடலின் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏற்பியின் பெயரும், எனாலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் வேலை செய்யும் நொதியின் பெயரும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் எழுந்த ஐயம் அது. இதய மருத்துவர் சங்கங்கள் 2020 மார்ச்சிலேயே மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டன. மாதந்தோறும் வாங்குகிறவர் இரண்டு மாதம் வரவில்லையே என்று என் விற்பனைக் குறிப்பைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தபோதுதான், சிலர் தாமாகவே நிறுத்தியிருந்தது தெரிந்தது. வதந்தியை நம்பி மருந்து கேட்டு வருகிறவரிடம் பேசிவிடலாம். வதந்தியை நம்பி வராமலே இருந்துவிடுகிறவரை நாம்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

பயத்தைக் காசாக்கியவர்களே மருந்துக் கடைக்காரர்கள்தானே? நீங்கள் புத்தி சொல்வது பொருந்துமா? (ஆரப்பாளையம்)

கோபம் நியாயமானது. என் தவறையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தை மருத்துவப் பணியாளர்களும், நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் தடுப்பாகச் சாப்பிடலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் அறிவித்தது. இந்த இரண்டிலும் சேராத, நெடுநாள் பழகிய ஒருவர் வந்து கேட்டார். முகத்தை முறிக்க முடியாமல், சீட்டு இல்லாமலே இரண்டு அட்டை கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம், முடக்குவாதத்திற்காக அதையே ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுவரும் அம்மா ஒருவர் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து காலி அட்டையோடு வந்தார். கையில் ஒன்றுகூட இல்லை. நான்கு கடைகளுக்கு நான் போன் செய்தும் கிடைக்கவில்லை.

மார்ச் 26-இல் அரசு அந்த மருந்தை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 பட்டியலில் சேர்த்தது. நோயாளி, மருத்துவர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பதிவேடு எனக்குப் பெரிய துணையாயிற்று. “நான் தரமாட்டேன்” என்பதைவிட “சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதாமல் தர முடியாது” என்பது பழக்கத்தைக் கெடுக்காமல் கதவை மூடும். பின்னாளில் பெரிய ஆய்வுகள் அந்த மருந்து கொரோனா இறப்பைக் குறைக்கவில்லை என்று காட்டின.

கபசுரக் குடிநீரைப் பற்றி உங்கள் கருத்து என்ன? (சோழவந்தான்)

பதினைந்து சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து. அரசே அதை வழங்கியது. நான் சித்த மருத்துவன் அல்லன், ஆகவே அதன் குணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லை. குடிக்கிறவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: இதைக் குடிப்பதால் சர்க்கரை மாத்திரையையோ ஆஸ்பத்திரியையோ தள்ளிப் போட்டீர்களா? (அந்த ஆண்டு நம் ஊரில் முகக்கவச வடிவில் பரோட்டாவே போட்டார்கள், அதை யாரும் மருந்தென்று நம்பவில்லை என்பதால் எனக்கு அதில் புகார் இல்லை.)

தடுப்பூசிக்கு முன்பே பாராசிட்டமால் போட்டுக்கொள்வது நல்லதா? (வாடிப்பட்டி)

தேவையில்லை. ஊசிக்குப் பின் காய்ச்சலோ வலியோ வந்தால் போட்டுக்கொள்ளலாம்.

இப்போதும் மருந்துச் செய்திகள் வருகின்றன. கடையில் எப்படிக் கேட்பது? (அலங்காநல்லூர்)

செய்தியைக் கைபேசியில் கொண்டு வாருங்கள். தயங்க வேண்டாம், நான் சிரிக்கமாட்டேன். அதோடு வீட்டில் உள்ளவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கொண்டு வாருங்கள். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். தெரியாமல் காய்ச்சல் மாத்திரையையும் சேர்த்துப் போட்டால், பெரியவர்களுக்கான உச்ச அளவாகிய நாளுக்கு 4 கிராமை எளிதில் தாண்டி ஈரலைக் கெடுக்கும். ஒரு மருந்தால் பக்கவிளைவு ஏற்பட்டால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். இன்னொன்று: அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரிக்கும்போது, பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட ஓரத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள். பெயரில்லாத துண்டு அட்டையைப் பார்த்து நானும் எதுவும் சொல்ல முடியாது.