தாத்தாவின் பழைய புகையிலை பைப் உடைந்துவிட்டது, சேலத்தில் யாராவது லேத்தில் புதுப் பாகம் கடைந்து தருவார்களா?

தருவார்கள். ஆனால் பைப்பை லேத்காரர் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். நான் போனேன், அதனால்தான் சொல்கிறேன்.

வாயில் வைக்கிற கருப்புத் தண்டின் முனை முறிந்து, துண்டு மரத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே கதைதான். என் தாத்தா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தவர், ஊருக்குக் கப்பலேறிய துரை கொடுத்துவிட்டுப் போன பைப் அது. தாத்தா அதைப் பற்றவைத்ததே இல்லை, அவர் பீடிக்காரர். பீரோவில் வேட்டிகளுக்கு நடுவே கிடந்தது. நானும் புகைப்பதில்லை, ஆனாலும் அது உடைந்து கிடப்பதைப் பார்க்க மனசு வரவில்லை.

முதலில் உள்ளே மாட்டிய துண்டு. புகையிலை போடுகிற மரக் கிண்ணத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்தேன். அப்புறம் அந்தத் துண்டின் துளையில் மரத்தில் அடிக்கிற ஸ்க்ரூ ஒன்றை விரலாலேயே, பிடிமானம் கிடைக்கிற அளவுக்கு மட்டும் திருகி, பிளேயரால் நேராக இழுத்ததும் டப்பென்று வந்துவிட்டது. ஸ்க்ரூவை இறுக்கினால் துண்டு விரிந்து மரத்தைப் பிளந்துவிடும், அவசரப்படாதீர்கள்.

கிண்ணம் பிரையர் மரம், மத்தியதரைக் கடல் ஓரம் வளரும் ஒரு புதரின் வேர்முண்டு. நெருப்பைத் தாங்கும், ஆனால் நெரித்தால் தாங்காது. கருப்புத் தண்டு எபோனைட், அதாவது கந்தகத்தை நிறையச் சேர்த்துக் கெட்டியாக்கின ரப்பர். ராஜமுந்திரி ரத்னம் பேனாவைக் கடைவதும் இதே எபோனைட்டில்தான். வெயில் பட்டால் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும், தேய்த்தால் கந்தக வாடை வரும், பயப்பட வேண்டாம். 400 நம்பரில் தொடங்கி 2000 நம்பர் வரை உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பழைய கருப்பு திரும்பிவிடும், என்ன, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போகும்.

இப்போது என் முட்டாள்தனம். முதலில் போன பட்டறையில் துளையைச் சீராக்கித் தருகிறேன் என்று மரத்தையே சக்கில், அதாவது லேத்தின் பிடிப்பானில், பிடித்து, இரும்பு ராடை இறுக்குகிற மாதிரி இறுக்கிவிட்டார்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மரக் கழுத்தில் முடி கனத்துக்கு ஒரு கீறல். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நாள் முழுக்க ஷாஃப்ட் கடைகிற கை அது. அன்றைக்கு முடிவு செய்தேன்: புதுப் பாகம் மட்டும்தான் லேத்தில் ஏறும், பழசு என் கையை விட்டுப் போகாது.

ஐந்து ரோடு பக்கம் வேறொரு டர்னர். அவரிடம் பைப்பைக் கொடுக்கவில்லை, முறிந்த முனைக்குப் பதிலாகத் தண்டையும் மரத்தையும் இணைக்கிற சின்னக் குழாய்க்கு அளவை மட்டும் கொடுத்தேன். மரத் துளையின் வாய்க்கு வெர்னியர் அளவுகோல் சரிப்படாது, பழைய துளை வட்டமாக இருக்காது. டிரில் பிட்டுகளின் பின்பக்கத்தை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன், 7.5 மில்லி தொளதொளவென்று போனது, 8 போகவில்லை. அவர் "அப்போ 8.1 வைக்கிறேன், மிச்சத்தை நீங்களே தேய்ச்சுக்குங்க சார்" என்றார். நூற்றுக்கு நூறு சரியான பேச்சு. பொருள் டெல்ரின் என்கிற கெட்டி பிளாஸ்டிக், அவர் கடையில் மூலையில் கிடந்த துண்டு. எபோனைட்டைவிட முறிவது குறைவு. ஒரு பக்கம் தண்டுக்குள் போக 6 மில்லி, மறுபக்கம் மரத்துக்குள் போக 8.1, நடுவில் 3.5 மில்லி காற்றுத் துளை. டெல்ரினில் பசை லேசில் பிடிக்காது, அதனால் 6 மில்லி பக்கத்தில் மூன்று வரிக்குழி போடச் சொன்னேன்.

முறிந்த தண்டின் முகத்தைக் கண்ணாடி மேல் உப்புத்தாள் ஒட்டி மட்டமாக்கினேன். அதன் துளையை 6 மில்லிக்கு அகலப்படுத்த மட்டும் அவர் லேத்தைக் கடன் வாங்கினோம். பிட் சக்கில் மெதுவாகச் சுற்ற, தண்டை நான் கையில் பிடித்துக்கொண்டு, பிட்டை அரை அரை மில்லியாகக் கூட்டிக்கொண்டே போனோம். பழைய துளையே வழிகாட்டும். நேராகப் பெரிய பிட்டை விட்டால் எபோனைட் சூடேறிப் போய்விடும். வீட்டில் மரப்பக்கத்து முனையை 8.1-இலிருந்து தேய்த்துத் தேய்த்து, லேசான திருகலோடு போகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். புகைக்கிற பைப் என்றால் ஈரத்தில் மரம் ஊதும், இன்னும் ஒரு இழை தளர்வாக விடுங்கள். பிறகு 6 மில்லி பக்கத்தை மட்டும் அரால்டைட் பசை போட்டுத் தண்டுக்குள் ஒட்டினேன். காற்றுத் துளையில் வாஸலீன் தடவின குச்சி, இல்லாவிட்டால் பசை உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். பசை காயும் வரை தண்டை மரத்தில் பொருத்தியே வைத்திருந்தால் கோணல் வராது.

கீறலுக்கு வைத்தியம் செவ்வாய்ப்பேட்டையில். கீறல் முடிகிற இடத்தில் 1 மில்லி துளை போட்டு, அது மேலே ஓடாமல் நிறுத்தி, சூப்பர் குளூ விட்டேன். அதன்மேல் வெள்ளிப் பூண். கொலுசு செய்கிற ஆசாரி ஒருவர் பைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "கைத்தடிக்குப் போடற பூண்தானே" என்று தகடை வளைத்து, பொடி வைத்து ஊதிக் கொடுத்தார். ஒரு மயிரிழை சின்னதாகத்தான் செய்தார், லேசாகச் சூடுகாட்டித் தள்ளியதும் கவ்விக்கொண்டது. பார்க்கிறவர்கள் எல்லாரும் அதுதான் அந்தக் காலத்து ஒரிஜினல் என்று நினைக்கிறார்கள், நானும் திருத்துவதில்லை.

மரத்தில் முத்திரை குத்தின பக்கம் உப்புத்தாளைக் கொண்டுபோகாதீர்கள். என் பைப்பில் லண்டன் என்ற எழுத்தில் பாதிதான் மிச்சம். அது எந்த லேத்காரர் வேலையும் இல்லை, என் வேலை.