மூன்று வாரக் குஞ்சுக்கு 250 வாட் விளக்கு வேண்டுமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். மூன்று வாரமான ஊர்க்கோழிக் குஞ்சுகள் பன்னிரண்டு வாங்கினோம், தாய்க்கோழி இல்லை. வளவில் கூடு அடித்து வெளியிலேயே வளர்க்க யோசனை. "மாரி தொடங்கிவிட்டது, 250 வாட் சிவப்பு விளக்கு இல்லாமல் தப்பாது" என்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அந்த விளக்கு வேண்டாம். ஆனால் இன்னும் இரண்டு வாரத்துக்கு இரவில் கொஞ்சம் சூடும், காற்றுக்கு நல்ல மறைப்பும் வேண்டும்.

முதல் வாரக் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு தேவை. பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 3 பாகை குறைத்துக்கொண்டே வரலாம். அந்தக் கணக்கில் உங்கள் குஞ்சுகளுக்கு இப்போது 25, 26 பாகை போதும். திருகோணமலையில் மார்கழி இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 23, 24 பாகையில் நிற்கும். குறைகிற இரண்டு மூன்று பாகைக்கு 250 வாட் எதற்கு? இதையே ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது கேட்டிருந்தால் விளக்கே வேண்டாம் என்றிருப்பேன். அப்போது நிழலும் தண்ணீரும்தான் கவலை.

மாரியில் குஞ்சைக் கொல்வது ஈரமும் வாடைக்காற்றும். சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை இரவு, விளக்கு எரிகிறதுதானே என்று கூட்டின் வடகிழக்குப் பக்கத்தை மறைக்காமல் விட்டுவிட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் எல்லாம் எதிர்மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அடியில் கிடந்த இரண்டு நசுங்கிச் செத்திருந்தன. மேலே கிடந்தவற்றின் சூட்டில் அவற்றின் உடம்பு அப்போதும் இளஞ்சூடாகவே இருந்தது. இன்றைக்கும் அது மனதை விட்டுப் போகவில்லை.

அதனால் முதல் செலவு கிடுகுக்கும் சாக்குக்கும். கூட்டின் மூன்று பக்கத்தை அடியிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மறையுங்கள், மேல்பக்கம் காற்றோட்டம் இருக்கட்டும். தரையில் காய்ந்த உமி மூன்று விரற்கடை கனத்துக்கு. நனைந்த உமியை அன்றைக்கே அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரத்தக் கழிச்சல் வரும்.

சூட்டுக்கு 40 வாட் குண்டு பல்ப் ஒன்று போதும். எல்.ஈ.டி. பல்ப் உதவாது, வெளிச்சம் தரும், சூடு தராது. கூட்டின் ஒரு மூலையில் மட்டும் தொங்கவிடுங்கள், சூடு கூடினால் குஞ்சு விலகிப்போக இடம் வேண்டும். வயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டுங்கள், பீங்கான் ஹோல்டராகப் பாருங்கள். விழுந்தால் உமி பற்றிக்கொள்ளும். சாரல் படும் இடமும் கூடாது, சூடான கண்ணாடியில் துளி பட்டால் வெடிக்கும்.

மின்கட்டணத்தையும் பாருங்கள். 250 வாட் விளக்கு இரவு 12 மணித்தியாலம் எரிந்தால் 3 அலகு, இரண்டு வாரத்துக்கு 42 அலகு. 40 வாட்டுக்கு அதே இரண்டு வாரத்தில் 7 அலகுகூட வராது. அலகு கூடக் கூட கட்டண வீதமும் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும்.

சரி, போதுமா என்று எப்படி அறிவது? விடியற்காலை நாலு மணிக்கு ஒருநாள் எழும்பிப் போய்ப் பாருங்கள். பல்புக்குக் கீழே நெருக்கியடித்துக் கீச்சுக் கீச்சென்று கத்தினால் குளிர். செட்டையை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கோ காற்று நுழைகிறது. பரவலாகப் படுத்துத் தூங்கினால் நீங்களும் போய்த் தூங்கலாம்.

பகலில் வெயில் எறித்தால் கரப்பின் (கவிழ்த்து மூடும் கூடை) கீழ் வெளியில் விடுங்கள். மழை இருட்டினால் உள்ளே எடுத்துவிடுங்கள். ஐந்து, ஆறு வார வயதில் இறகு மூடியதும் பல்பைக் கழற்றலாம்.

கேள்வி: ஒருநாள் குஞ்சு மலிவு, ஒருமாதக் குஞ்சு விலை கூட. மூதூரில் இந்த மாரியில் எதை வாங்கலாம்?

பதில்: ஒருமாதக் குஞ்சு. ஒருநாள் குஞ்சில் மிஞ்சும் காசு மின்சாரத்திலும் இழப்பிலும் போய்விடும். ஆனால் வயதைக் கடைக்காரர் வாயால் கேட்டு நம்பாதீர்கள். குஞ்சைக் கையில் எடுத்து முதுகையும் செட்டைக்குக் கீழேயும் விரலால் விலக்கிப் பாருங்கள். முதுகில் இன்னும் பஞ்சுமயிர்தான் மூடிக் கிடக்கிறதென்றால் சூடு தேவைப்படும் குஞ்சு அது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். பின்புறம் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். ராணிக்கெட் நோய்க்கான தடுப்புமருந்து என்றைக்குப் போட்டது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த முறை எப்போது என்று அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் சொல்வார்கள்.