லேவியராகமம் 13: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் இருந்து எழுதுகிறேன். ஒவ்வொரு டிசம்பர் 31 இரவு ஆராதனையிலும், வருகிற வருஷம் வேதாகமத்தை முழுசாக வாசித்துவிட வேண்டும் என்று தீர்மானம் எடுக்கிறேன். காலையில் சென்ட்ரல் போகும் ரயிலில்தான் எனக்கு நேரம். ஆதியாகமமும் யாத்திராகமமும் நன்றாகவே போகின்றன. பிப்ரவரி பிறக்கும்போது லேவியராகமம் 13 வந்துவிடுகிறது. தோலில் தடிப்பு இருக்கிறதா, மயிர் வெளுத்திருக்கிறதா என்று ஆசாரியன், அதாவது பலி செலுத்தும் குரு, பார்த்துக்கொண்டே இருக்கிறான். நாலு வருஷமாக அங்கேயே நின்றுவிடுகிறேன். குற்ற உணர்வாக இருக்கிறது. சங்கீதமும் சுவிசேஷமும் மட்டும் வாசித்தால் போதாதா? இதைக் கஷ்டப்பட்டு வாசித்து எனக்கு என்ன கிடைக்கும்?

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு அதிகாரத்தைத் தாண்டிப் போவது பாவமில்லை. அந்தக் குற்ற உணர்வை முதலில் விட்டுவிடுங்கள். ஆனால் என்ன கிடைக்கும் என்று கேட்டீர்களே, அதற்கு எனக்குக் கிடைத்ததைத்தான் சொல்ல முடியும்.

அந்தப் பகுதியில் 'குஷ்டம்' என்ற சொல்லே நம்மை மிரட்டிவிடுகிறது. இன்று தொழுநோய் என்று நாம் சொல்வது மட்டுமல்ல அது. அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் அது துணிக்கு வருகிறது, அடுத்த அதிகாரத்தில் வீட்டுச் சுவருக்கும் வருகிறது. பச்சையும் சிவப்புமாகக் குழி விழுந்த சுவர். 2023 டிசம்பர் புயல் மழையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சுவரெல்லாம் பூசணம். கொத்தனார் வந்து பூச்சைச் சுரண்டிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பூசினார். அந்த வாரம்தான் 14ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்தேன். அதில் அப்படியே இருக்கிறது: சுவரைச் சுரண்டு, மண்ணை ஊருக்கு வெளியே கொட்டு, வேறு சாந்து பூசு.

அப்புறம்தான் 36ஆம் வசனம் கண்ணில் பட்டது. ஆசாரியன் பார்க்க வருவதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிடச் சொல்கிறது. ஏன்? அவன் வந்து வீடு தீட்டு என்று தீர்த்துவிட்டால் உள்ளே இருக்கிற பாய், பாத்திரம் எல்லாம் சேர்ந்து தீட்டாகிவிடும். அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம் வரக் கூடாதாம். நனைந்த பாயைத் தூக்கி எறிந்த கையோடு அதை வாசித்தேன். அந்த ஒரு வசனத்தில் கர்த்தர் ஒரு ஏழை வீட்டின் தட்டுமுட்டுச் சாமானை எண்ணிப் பார்த்திருக்கிறார். எத்தனையோ வருஷம் அதன்மேல் கண்ணை ஓட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

அதே அதிகாரத்தின் தொடக்கத்தையும் பாருங்கள். நோய் வந்தவன் பாளயத்துக்கு, அதாவது ஜனங்கள் கூடாரம் போட்டிருந்த இடத்துக்கு, வெளியே தனியாக இருக்கிறான். அவன் குணமானானா என்று பார்க்க ஆசாரியன் பாளயத்தை விட்டு வெளியே நடந்து போகிறான். 2020இல் கொரோனா வந்தபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் தகரம் அடித்து மறைத்தார்கள். உள்ளே இருந்தவர்களைப் போய்ப் பார்க்க எங்கள் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கிவிட்டு, ஆசாரியனிடம் போய் உன்னைக் காண்பி, மோசே கட்டளையிட்டதைச் செலுத்து என்கிறார். மோசே கட்டளையிட்டது என்று அவர் சொல்வது இந்த 14ஆம் அதிகாரத்தைத்தான். ஆக, சுவிசேஷம் மட்டும் போதும் என்று போனாலும் சுவிசேஷமே உங்களை இங்கே திருப்பி அனுப்பும்.

இன்னொன்று எனக்குக் கற்றுக்கொடுத்தது வியாசர்பாடியில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் லேவியராகமம் 12 வாசித்துக்கொண்டிருந்தோம். பிள்ளை பெற்றவள் சுத்திகரிப்புக்கு ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் கொண்டுவர வேண்டும், ஆட்டுக்குட்டிக்குச் சக்தி இல்லாவிட்டால் இரண்டு புறா போதும் என்று வருகிறது. அவர் நிறுத்தச் சொன்னார். "ரெண்டு புறா... அது நம்ம மரியாள் கொண்டுபோனது இல்லையா?" லூக்கா இரண்டாம் அதிகாரத்தைத் திருப்பினோம். இயேசுவைப் பெற்ற பிறகு செலுத்தியது இரண்டு புறாதான். மரியாளும் யோசேப்பும் ஏழைகள் என்று லூக்கா அங்கே ஒரு வார்த்தை எழுதவில்லை. லேவியராகமம் தெரிந்தவருக்குத்தான் அது புரியும். "அப்போ அவங்ககிட்டயும் ஆட்டுக்குட்டிக்குக் காசு இல்ல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வெகு நேரம் பேசவே இல்லை. கிறிஸ்துமஸ் பிரசங்கம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். எனக்கு அது புரிந்தது அன்றைக்குத்தான்.

எல்லாமே இப்படித் திறந்துகொள்ளும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். எண்ணாகமம் 31இல் மீதியானியர் என்ற ஜனத்தார் பெண்கள், பிள்ளைகள் உட்படக் கொல்லப்படுவதை என்னால் இன்னும் சமாதானத்தோடு வாசிக்க முடியவில்லை. கேட்ட விளக்கங்களும் மனதில் ஒட்டவில்லை. ஆனாலும் அதைத் தாண்டுவதில்லை. வருஷா வருஷம் அதே கேள்வியோடு அங்கே போய் உட்காருகிறேன். ஜெபத்தில் நான் பூசி மெழுகாமல் பேசுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

ஒரு சின்ன யோசனை. 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள். ஒரே வருஷத்தில் முடிக்க நினைத்தால் தினமும் மூன்றுக்கு மேல் ஓட வேண்டும். ரயில் ஓட்டத்தில் லேவியராகமத்தை அப்படி வாசித்தால் யாருக்குமே ஒன்றும் தங்காது. தேதி அட்டவணையை எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் போதும், 27 நாளில் லேவியராகமம் முடிந்துவிடும். வாசிக்கும்போது, இதில் கையில் காசில்லாதவனுக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று மட்டும் தேடுங்கள். ஐந்தாம் அதிகாரத்தில் புறாவுக்கும் வழியில்லாதவனுக்குக் கொஞ்சம் மாவு போதும் என்று இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?

அப்படியே போனால் எண்ணாகமம் 26 வரும். கோத்திரம் கோத்திரமாக ஆண்களின் பேர், தலைக்கணக்கு. தூக்கம் வரும், தெரியும். நடுவில் 33ஆம் வசனத்தில் மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று செலொப்பியாத்தின் ஐந்து பெண்கள் நிற்பார்கள். அடுத்த அதிகாரத்தில் அவர்கள் மோசேக்கு முன்னால் வந்து அப்பாவின் சொத்தில் பங்கு கேட்கிறார்கள். கர்த்தர் என்ன பதில் சொன்னார் என்பதை நீங்களே ரயிலில் வாசித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.