சீஸ்பர்கர் ஏன் கட்லெட் ஆகிறது?

அமெரிக்காவுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்று அலுவலக நண்பர்கள் இரண்டு குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன், ஆனால் வீட்டில் செய்கிற சீஸ்பர்கர் ரப்பர் மாதிரி வருகிறது, என்ன செய்யலாம், பால்கனியில் க்ரில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி.

பால்கனி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான அடுக்குமாடி வளாகங்களில் கரி க்ரில், காஸ் க்ரில் இரண்டுக்கும் பால்கனியில் தடை இருக்கும். நிறைய இடங்களில் நீச்சல் குளத்தை ஒட்டிப் பொது க்ரில் வைத்திருப்பார்கள். அன்றைக்கு அதற்குப் போட்டி பலமாக இருக்கும், சீக்கிரமே இறங்கி இடம் பிடியுங்கள்.

இப்போது ரப்பருக்கு வருவோம். வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, முட்டை, ரொட்டித்தூள், உப்பு எல்லாம் போட்டு நன்றாகப் பிசைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது கட்லெட். ருசியாகவே இருக்கும், ஆனால் பர்கர் இல்லை. கொத்துக்கறியில் உப்பைக் கலந்து பிசைந்தால் கறியின் புரதம் கரைந்து பசை போல ஒட்டிக்கொள்ளும். சாசேஜுக்கு அந்த இறுக்கம் தேவை. பர்கர் வாயில் வைத்ததும் உதிர வேண்டும்.

ஆகவே கறியோடு எதையும் சேர்க்காதீர்கள். கடையில் பொட்டலத்தின் மேல் 80/20 என்று போட்டிருப்பதை எடுங்கள், 20 சதவீதம் கொழுப்பு. உடம்புக்கு நல்லது என்று 93/7 வாங்கினால் வறண்டு போகும். ஒரு பவுண்டுக்கு மூன்று வில்லை. குளிர்ச்சி போகும் முன்பே, அழுத்தாமல், பன்னைவிட அரை அங்குலம் அகலமாகத் தட்டுங்கள், வெந்தால் சுருங்கும். நடுவில் கட்டைவிரலால் ஒரு சின்னப் பள்ளம் போடுங்கள், இல்லாவிட்டால் நடுப்பகுதி உப்பிப் பந்தாகிவிடும். உப்பும் மிளகும் க்ரில்லில் வைக்கப் போகும் நொடியில், மேலே மட்டும், தாராளமாக.

க்ரில் கம்பி நன்றாகச் சூடேற வேண்டும். கரி என்றால் மேலே சாம்பல் பூக்கும்வரை பொறுங்கள். கரியை ஒரு பக்கமாகக் குவியுங்கள். கொழுப்பு சொட்டித் தீ குபீரென்று எழும்பினால் வில்லையை மறுபக்கம் தள்ளிவிடலாம். கரண்டியால் அழுத்துவதை மட்டும் செய்யவே கூடாது. அந்த ‘சொய்ங்’ சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் போவது சாறு. அடிப்பக்கம் சிவந்தால் தானே கம்பியை விட்டு வரும், அப்போது திருப்புங்கள்.

வெந்ததா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பக்கவாட்டில் செருகிப் பாருங்கள்: மாட்டுக்கறிக்கு 160 டிகிரி ஃபாரன்ஹீட், கோழி, டர்க்கி (வான்கோழி) என்றால் 165. ஸ்டேக்கில், அதாவது அரைக்காத முழுத் துண்டுக் கறியில், கிருமி வெளிப்புறத்தோடு நிற்கும். அரைத்த கறியில் உள்ளே எல்லாம் கலந்துவிடும். 1992-93-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத பர்கரால் நான்கு குழந்தைகள் இறந்தார்கள், அதனால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பச்சைக் கறி வைத்த தட்டில் வெந்ததை வைக்காதீர்கள்.

சீஸ் கடைசி ஒரு நிமிடம். மேலே வைத்து மூடியைப் போட்டால் உருகி ஓரத்தில் வழியும். அமெரிக்கன் சீஸை மட்டமாகப் பேசுபவர்கள் உண்டு, பர்கருக்கு நான் அதைத்தான் வாங்குவேன். அதில் சேர்க்கும் உப்புகளால் பிரியாமல் வழவழவென்று உருகும். நாள்பட்ட செடார் சீஸ் எண்ணெய் கக்கும். அப்படியே பன்னின் உட்புறத்தையும் க்ரில்லில் லேசாகச் சிவக்க விடுங்கள், சாறு பட்டு ஊறிப்போகாது.

வருகிறவர்களில் யாராவது சைவமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். காய்கறி வில்லைகள் உறைந்தபடி கடையில் கிடைக்கும், அலுமினியத் தாள் விரித்து அதன்மேல் தனிக் கரண்டியால் சுடுங்கள்.

அப்புறம், “என்ன கொண்டுவரட்டும்?” என்று கட்டாயம் கேட்பார்கள். நம் வழக்கப்படி “ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தாலே போதும்” என்று சொல்லாதீர்கள், இங்கே அது உபசாரம் ஆகாது. ஒருவரைப் பன்னும் ஐஸும், இன்னொருவரைச் சாலட் கொண்டுவரச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் இரண்டு வீட்டிலிருந்தும் உருளைக்கிழங்கு சிப்ஸ்தான் வரும்.