என்ஜின் கோளாறுள்ள காரைத் தனியாருக்கு விற்கும்போது விலையை எப்படி முடிவு செய்வது?

பத்து ஆண்டு ஓடிய பெட்ரோல் கார் அடிக்கடி சூடேறுகிறது, அதைச் சரிசெய்து விற்பதா, இருக்கிற நிலையிலேயே விற்பதா, அப்படியே விற்றால் என்ன விலை சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கோவையில் இதே நிலையில் ஒரு காரை நான் விற்றிருப்பதால் என் கணக்கையே எழுதுகிறேன். தொகைகள் என் காருக்கு உரியவை. முறை உங்களுக்கும் பொருந்தும்.

அதே மாடல், அதே ஆண்டு, ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய நல்ல கார் உங்கள் ஊரில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதை முதலில் விசாரியுங்கள். விளம்பரத்தில் போடுகிற விலையை நம்ப வேண்டாம். என் 2013 மாடல் காருக்கு 2,80,000 ரூபாய் வரை விளம்பரங்கள் இருந்தன; விற்று முடித்த இருவரிடம் கேட்டதில் 2,40,000 அளவில்தான் கிடைத்ததாகத் தெரிந்தது.

அடுத்தது பழுதுச் செலவு. ஒரு மெக்கானிக், என்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் மட்டும்தான் போயிருக்கிறது என்று 22,000 சொன்னார். இன்னொருவர், பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன், அதைச் சுற்றியுள்ள ரிங் வரை போனால் 62,000 ஆகும் என்றார். விற்கிற நாம் 22,000-ஐ மனத்தில் வைத்து விலை சொல்கிறோம். வாங்க வருபவரோ 62,000-ஐயும், அதற்கு மேல் தம் அச்சத்துக்கு ஒரு தொகையையும் சேர்த்துக் கழித்துக் கேட்கிறார். பழைய கார் வியாபாரி ஒருவர் 1,20,000-க்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. பழுதைக் காட்டிலும், பழுது எதுவரை போயிருக்கிறது என்று தெரியாததுதான் விலையை அதிகம் இறக்கியது.

ஆகவே சரிசெய்வதற்கு அல்ல, கண்டறிவதற்குச் செலவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் கேஜைப் பொருத்தி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்டை 1,500 ரூபாய்க்குச் செய்துகொண்டேன். மூன்று சிலிண்டர்களில் ஒன்று 175 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) காட்டியது, அடுத்தடுத்து இருந்த மற்ற இரண்டும் 110-ஐ ஒட்டியே நின்றன. அவற்றில் சிறிது என்ஜின் ஆயிலை விட்டு மறுபடியும் அளந்தார்கள். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அழுத்தம் நன்றாக ஏறியிருக்கும், ஏறவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் அழுத்தம் ஒன்றாகக் குறைந்ததையும், வெளியே எங்கும் கசிவில்லாமல் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்துகொண்டிருந்ததையும் சேர்த்துப் பார்த்தபோது, ஹெட் கேஸ்கெட்தான் என்பது ஏறக்குறைய உறுதியாயிற்று. சூட்டில் ஹெட் வளைந்திருக்குமோ என்ற ஐயம் மட்டும் மிஞ்சியது.

2,40,000-இல் 22,000-ஐக் கழித்தேன். மிஞ்சிய ஐயத்துக்காக, இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையிலான 40,000-இல் பாதியைக் கழித்தேன். வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லும் செலவுக்கும், பட்டறையில் நிற்கும் நாள்களுக்கும் 8,000. வந்தது 1,90,000. இரண்டு லட்சம் சொல்லி, 1,86,000-க்கு முடித்தேன். வாங்கியவர் பொள்ளாச்சிப் பக்கம் சொந்தப் பட்டறை வைத்திருப்பவர். நமக்கு 22,000 ஆகும் வேலை அவருக்கு உதிரிபாகச் செலவோடு முடிந்துவிடும். இத்தகைய வண்டிக்கு அவரைப் போன்றவரைத் தேடுவதே புத்திசாலித்தனம் என்பேன்.

சரிசெய்துவிட்டு விற்றால் முழு விலை கிடைக்காதா என்றால், என் அனுபவத்தில் கிடைக்காது. அண்மையில் என்ஜினைப் பிரித்த கார் என்றதும் வாங்குபவருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஃபேன் போன்றவற்றோடு கோளாறு நின்றால் மட்டும் சரிசெய்து, பில்லோடு விற்கலாம்.

கோளாறை மறைக்காதீர்கள். கசிவடைக்கும் திரவத்தை ரேடியேட்டரில் ஊற்றிச் சில நாள் சமாளித்து விற்றுவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, தெரிந்த ஒன்றை வேண்டுமென்றே மறைத்து ஏமாற்றுவது மோசடியில் சேரும். வாங்க வருபவர் முன்னால் குளிர்ந்த என்ஜினையே ஸ்டார்ட் செய்து காட்டுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள். டெஸ்டில் வந்த அளவுகளை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி, கோளாறை அறிந்தே வாங்குகிறேன் என்று அவர் கையொப்பம் இடுவது இருவருக்கும் நல்லது.

வண்டியை ஒப்படைக்கும் தேதியையும் நேரத்தையும் டெலிவரி நோட்டில் குறித்து, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பமிட்டு, பெயர் மாற்றத்தை வாங்குபவரிடம் விட்டுவிடாமல் நீங்களே முடியுங்கள். பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது; பெயர் மாறாத வரை பொறுப்பு உங்கள் மேல்தான் விழும். என் பேரத்தில் 10,000 ரூபாயை நிறுத்திவைத்து, பெயர் மாறிய பிறகு கொடுப்பதாக வாங்கியவர் கேட்டார். நான் மறுத்து, இருவரும் ஒன்றாக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் வந்த பிறகே சாவியைக் கொடுத்தேன்.