ஜெபத்தில் அதிகாரம்: எங்கே கேட்பது, எங்கே கட்டளையிடுவது?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். நான் எப்போதும் "ஆண்டவரே, இதைச் செய்யும்" என்று கேட்டே ஜெபித்துப் பழகினவள். விசுவாசி கட்டளையிட்டுத்தான் ஜெபிக்கவேண்டும் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் வேதத்தில் இருக்கிறது சகோதரி. ஆனால் யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். பிதாவிடம் கேட்கிறோம், அவருக்கு யாரும் கட்டளையிடுவதில்லை. பிசாசிடம் கேட்பதில்லை, அவனை எதிர்த்து நிற்கிறோம்.

அப்போஸ்தலர் 9:40-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். தபீத்தாள் என்ற சீஷி மரித்துக் கிடக்கிறாள். பேதுரு எல்லாரையும் வெளியே அனுப்புகிறார், முழங்காற்படியிடுகிறார், ஜெபிக்கிறார். அதன்பிறகுதான் உடலின் பக்கமாகத் திரும்பி, "தபீத்தாளே, எழுந்திரு" என்கிறார். முதலில் தேவனை நோக்கிப் பேச்சு, பிறகு பிரச்சனையை நோக்கி ஒரே வரி. பலர் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பத்து நிமிடம் சொல்கிறார்கள்.

யாக்கோபு 4:7-லும் இதே வரிசைதான்: "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" முதலில், "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" அடுத்து. நூற்றுக்கு அதிபதி (நூறு சேவகருக்குத் தலைவன்) இதை நன்றாகப் புரிந்திருந்தான். தானே அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவன் என்று சொல்லிவிட்டுத்தான் (மத்தேயு 8:9) தன் சேவகர் தனக்குக் கீழ்ப்படிவதைச் சொல்கிறான்.

கேள்வி: நடைமுறையில் எப்படி ஜெபிப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள் பிரதர்.

மந்திரம்போல மனப்பாடம் செய்யமாட்டீர்கள் என்றால் சொல்கிறேன்.

முதலில் துதி. "வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது" என்று மத்தேயு 28:18-ல் கர்த்தர் சொன்னதை அறிக்கையிடுங்கள். அதிகாரம் அவருடையது, நமக்கு அவருக்குள் பங்கு. இது மனதில் பதியாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

அடுத்து உங்களைச் சோதித்துப் பாருங்கள். இங்கேதான் அதிக நேரம் செலவிடவேண்டும், இங்கேதான் அநேகர் அவசரப்படுகிறார்கள். அறிந்த பாவத்தைப் பேர்சொல்லி அறிக்கையிடுங்கள். "எல்லாப் பாவத்தையும் மன்னியும்" என்று மொத்தமாக முடித்துவிடாதீர்கள். யார்மேலாவது கசப்பு இருந்தால் மன்னியுங்கள். மாற்கு 11:25 ஜெபத்தில் நிற்கும்போதே அதைச் செய்யச் சொல்கிறது. கோபத்தை வைத்துக்கொண்டே இருப்பது பிசாசுக்கு இடங்கொடுப்பது என்று எபேசியர் 4:26, 27 சொல்லுகிறது. மனைவியை மதிக்காத கணவனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்கிறது 1 பேதுரு 3:7. வீட்டில் சண்டையை அப்படியே விட்டுவிட்டு மாடியில் போய் பிசாசைத் துரத்தினால் பலன் இருக்காது.

மூன்றாவது, காரியத்தைப் பிதாவிடம் விவரமாகச் சொல்லி, அவர் சித்தத்தைக் கேளுங்கள். பொருந்துகிற வசனம் ஒன்றோ இரண்டோ போதும்.

கடைசியாகத்தான் எதிர்த்து நிற்பது. குறிப்பாக, சுருக்கமாக: "இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே இந்தப் பயத்தின் ஆவியை எதிர்க்கிறேன், என்னை விட்டுப் போ." அவ்வளவுதான். பிலிப்பியில் ஒரு பெண்ணிடமிருந்து ஆவியைத் துரத்தப் பவுல் சொன்னதும் ஒரே வாக்கியம் (அப்போஸ்தலர் 16:18). பிறகு நன்றி சொல்லி எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள். போனதா, போகவில்லையா என்று உட்கார்ந்து சோதித்துக்கொண்டே இருந்தால் கவனம் முழுவதும் மறுபடி பிசாசின்மேல்தான் போகும்.

கேள்வி: சத்தமாக ஜெபித்தால்தான் வல்லமையா?

இல்லை. கர்மேல் மலையில் சத்தமிட்டுத் தங்களைக் கீறிக்கொண்டவர்கள் பாகாலின் தீர்க்கதரிசிகள். எலியாவின் ஜெபம் இரண்டே வசனம் (1 இராஜாக்கள் 18:36, 37). பாரத்தினால் சத்தம் வந்தால் வரட்டும். அதைக் கருவியாக்க வேண்டாம்.

கேள்வி: தினமும் காலையில் "சாத்தானைக் கட்டுகிறேன்" என்று ஜெபிக்கிறோம். நேற்றுக் கட்டினால் இன்று ஏன் திரும்பக் கட்டவேண்டும்?

நல்ல கேள்வி தம்பி. இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம்கூட வரும்.

மத்தேயு 18:18-ஐ மட்டும் பிரித்தெடுக்காமல் 15-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் பேசுவது, பிறகு ஓரிருவரோடு போவது, பிறகு சபைக்குச் சொல்வது என்று போகிறது. கட்டுவதும் கட்டவிழ்ப்பதும் அந்த இடத்தில் சபையின் தீர்மானத்தைப் பற்றிய பேச்சு. பலவானை முந்திக் கட்டுவது மாற்கு 3:27-ல் வருகிறது. அங்கே கட்டுகிறவர் கர்த்தர், அவர் அதைச் செய்துகொண்டிருந்தார். ஒரு குறிப்பிட்ட தாக்குதலைத் தடுக்கும்படி "கட்டுகிறேன்" என்ற சொல்லைப் பயன்படுத்துவதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன். ஆனால் சாத்தான் முழுவதுமாகக் கட்டப்படுவது வெளிப்படுத்தல் 20-ல். அதைச் செய்வது தேவதூதன், நாம் அல்ல. தினசரி வாழ்க்கைக்கு வேதம் தருகிற சொல் "எதிர்த்து நில்லுங்கள்". அதைத் தினமும் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

கேள்வி: என் கணவர் இரட்சிக்கப்படவில்லை, குடிக்கிறார். அவர் மனதைக் கட்டி, சபைக்கு வரும்படி கட்டளையிடலாமா ஐயா?

கூடாது அம்மா. நமக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம் சத்துருவின் வல்லமையின்மேல் (லூக்கா 10:19); இன்னொரு மனுஷனின் சித்தத்தின்மேல் அல்ல. ஒருவரின் மனதை நம் சொல்லால் வளைக்கப் பார்ப்பது ஜெபமே இல்லை, அது மாந்திரீகத்தின் குணம்.

நீங்கள் செய்யக்கூடியது இது. அவருடைய மனதைக் குருடாக்குகிற வேலையை (2 கொரிந்தியர் 4:4) இயேசுவின் நாமத்தில் எதிர்த்து ஜெபியுங்கள். தேவன் மனந்திரும்புதலைத் தரும்படி (2 தீமோத்தேயு 2:25) பிதாவிடம் கேளுங்கள். அவர் காதுபட "குடியின் ஆவியே வெளியே போ" என்று ஜெபிக்காதீர்கள். அவருக்கு அது ஜெபமாகக் கேட்காது, வசையாகத்தான் கேட்கும். குடியை நிறுத்த மருத்துவ உதவியும் தேவைப்படும், வெகுநாள் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் கைநீட்டினால் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்தும் ஜெபிக்கலாம்.

கேள்வி: மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். விடுதலை ஜெபத்துக்கு (பிசாசைத் துரத்தும் ஜெபத்துக்கு) பிறகு "விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து" என்றார்கள்.

நிறுத்தாதீர்கள். அளவைக் குறைப்பதானாலும் மருத்துவரிடம் பேசியே செய்யுங்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் வரலாம். அதைப் பார்த்து "பிசாசு திரும்பி வந்துவிட்டது" என்று இன்னொரு தப்பான முடிவும் எடுப்பார்கள். மத்தேயு 4:24 வியாதியஸ்தரையும் பிசாசு பிடித்தவரையும் தனித்தனியாகச் சொல்லுகிறது. நாமும் ஒன்றாக்கவேண்டாம்.

விடுதலைக்காக ஜெபிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: தனியாகச் செய்யாதீர்கள், இரண்டு மூன்று பேர் இருங்கள், பெண்ணுக்கு ஜெபிக்கும்போது பெண்கள் கூட இருக்கட்டும். அடிப்பது, வயிற்றை அழுத்துவது, பட்டினி போடுவது, வீடியோ எடுப்பது எதற்கும் வேதத்தில் இடமில்லை. ஆவியோடு உரையாடி, பேர் என்ன, யார் அனுப்பினது என்று துருவாதீர்கள். பொய்யனிடம் தகவல் கேட்டு என்ன பயன்? கப்பர்நகூமில் கர்த்தர் அதை மேலும் பேசவிடாமல் அதட்டினார் (மாற்கு 1:25).

கேள்வி: எங்கள் நகரத்தின்மேல் இருக்கிற ஆவிகளுக்கு விரோதமாகக் கட்டளையிட்டு நடைஜெபம் செய்யலாமா?

நடந்து ஜெபியுங்கள், நல்லது. ஆனால் தானியேல் 10-ஐ ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: தானியேல் மூன்று வாரம் துக்கித்து தேவனை நோக்கி மன்றாடினான், அவனிடம் வந்த தூதனை எதிர்த்து நின்ற பெர்சியாவின் அதிபதியிடம் அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தப் போராட்டம் நடந்ததே அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. யூதா 9-ல் பிரதான தூதனாகிய மிகாவேலே பிசாசைத் தூஷணமாய்க் குற்றப்படுத்தத் துணியாமல், "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" என்றார். மேடையில் சாத்தானைக் கேலி செய்கிறவர்கள் அந்த வசனத்தை ஒருமுறை வாசிக்கட்டும்.

கேள்வி: அதிகாரத்தோடு ஜெபித்தும் வியாதி போகவில்லை. என் விசுவாசக் குறைவா?

உடனே அந்த முடிவுக்கு வராதீர்கள். பவுல் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). தன் மாம்சத்திலிருந்த முள் என்று அவர் சொன்ன வேதனைக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்". பவுலுக்கு அதிகாரம் இல்லாமலா போயிற்று? 1 யோவான் 5:14-ல் "அவருடைய சித்தத்தின்படி" என்ற நிபந்தனை எல்லா ஜெபத்துக்கும் உண்டு. சபை மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள் (யாக்கோபு 5:14), சிகிச்சையையும் தொடருங்கள்.

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்து 2 மாதம்தான் ஆகிறது. எனக்கும் இந்த அதிகாரம் உண்டா?

உண்டு. தேவன் நம்மைக் கிறிஸ்துவோடு உன்னதங்களில் உட்காரச் செய்தார் என்கிற எபேசியர் 2:6 கிறிஸ்துவுக்குள் இருக்கிற எல்லாருக்கும் எழுதப்பட்டது. உங்கள் பயம், உங்கள் சோதனை, உங்கள் வீடு இவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். பிறருக்கு விடுதலை ஜெபம் செய்ய இப்போதே தனியாகக் கிளம்பவேண்டாம், அனுபவமுள்ளவர்களோடு போய் உட்காருங்கள். பிசாசைத் துரத்தப் போன ஸ்கேவாவின் குமாரர் 7 பேரும் இயேசு என்ற சரியான நாமத்தைத்தான் சொன்னார்கள். அந்த நாமத்துக்குரியவரோடு உறவு இல்லை. காயப்பட்டு, வஸ்திரமில்லாமல் ஓடினார்கள் (அப்போஸ்தலர் 19:14-16).

கேள்வி: ஜெபித்தபின் சில நாள் நன்றாக இருக்கிறது, பிறகு அதே பழைய பயம் வருகிறது.

மத்தேயு 12:43-45-ல் வீடு பெருக்கி ஜோடித்திருந்தது, ஆனால் வெறுமையாயிருந்தது. போன ஆவி இன்னும் 7 ஆவிகளோடு திரும்பியது. எதைப் பார்த்தால், எதைக் கேட்டால் அந்தப் பயம் கிளம்புகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். இரவில் என்றால் படுக்குமுன் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, சங்கீதம் 4:8-ஐ வாய்விட்டுச் சொல்லிப் படுங்கள். நடுவில் விழித்தால் நீண்ட ஜெபம் வேண்டாம். அதே வசனம், ஒரு வரி எதிர்ப்பு, திரும்பத் தூங்குங்கள். உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் வாரம் ஒருமுறை மறைக்காமல் பேசுங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்தும் தூக்கம் கெட்டுக்கொண்டே இருந்தால் மருத்துவரையும் பாருங்கள்.