போவை விட்டுட்டு நிலவறையைப் பாருங்க
அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் ‘அஷர் மாளிகையின் வீழ்ச்சி’ சிறுகதையை உளப்பகுப்பாய்வு வழியா எழுதப் போனா, கட்டுரை போவுக்கு என்ன மனநோய்ங்கறதுலயே போய் நிக்குதுன்னு சொல்லியிருந்தீங்க. பலரும் சறுக்குற இடம்தான் அது. ஆசிரியரை விட்டுட்டு வீட்டைப் பாருங்க.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கி வெச்ச ஃபிராய்ட், இனம்புரியாத கிலியைப் பத்தி 1919-ல எழுதின கட்டுரையில ‘ஹைம்லிஷ்’ங்கிற ஜெர்மன் சொல்லைக் குடைவார். வீட்டுக்குரியதுன்னும் பொருள், மறைச்சு வெச்சதுன்னும் பொருள். அமுக்கி வெச்ச, பழகின ஒண்ணு திரும்பி வரும்போதுதான் அந்தக் கிலி வருதுங்கறது அவர் வாதம்.

கதையில அந்த வீட்டுக்காரன் ராடரிக், செத்துட்டதா நினைச்ச தன் இரட்டைச் சகோதரியோட உடலை நிலவறையில வைக்கிறான். அது கதைசொல்லியோட படுக்கையறைக்கு நேர் கீழே! போ இதைப் போற போக்குல சொல்லிடுவார். சவப்பெட்டியில அவ உதட்டுல இன்னும் சிரிப்பு. அவ அசையுற சத்தம் பல நாள் முன்னாடியே கேட்டும் வாயைத் திறக்கலைன்னு கடைசியில ராடரிக்கே கத்துறான். அங்கிருந்து தொடங்குங்க. ஈடிபஸை, அதாவது மகனுக்குத் தாய் மேல இருக்கற ஆசைன்னு ஃபிராய்ட் சொன்ன கோட்பாட்டை இழுக்காதீங்க, இங்க அது தேவையில்லை.